பதினொரு பேர் வகுப்பு

போன வாரம் அக்கா மகளைச் சேர்க்க, நான் படித்த கல்லூரிக்குப் போயிருந்தேன். விலங்கியல் ஆய்வகத்தைத் தாண்டும்போது ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் வகுப்பில் பதினொரு பேர். ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்திலிருந்து நான் ஒருத்திதான். படகில் பழவேற்காடு வந்து பஸ் பிடிக்க வேண்டும். காற்றில் படகு தாமதமானால் சரளா மேடம் பாடத்தைத் தொடங்க மாட்டார். "தீவுப் பொண்ணு வரட்டும்" என்பாராம். செய்முறை வகுப்புக்கு நண்டு கொண்டுவருவது நான். வகுப்பிலேயே மோசமாக நண்டு வரைந்ததும் நான்தான். என் நண்டு கொஞ்சம் ஆட்டோ மாதிரி இருக்கும்.

என் மூன்றாம் ஆண்டில் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களின் கூட்டம் பெருகியது. இடம் போதாமல் எங்களை மதிய ஷிப்டுக்கு மாற்றினார்கள். வகுப்பு முடிவதற்குள் கடைசிப் படகு போய்விடும். ஒரு வாரம் நான் போகவில்லை. யாரும் கேட்கவில்லை. மேடத்துக்கு அப்போது நாலு வகுப்பு. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

"நீ ஒருத்தி கேட்டா இன்னா நடக்கும்? நின்னுடு" என்றார் நைனா.

மறுநாள் மேரி வீடு தேடி வந்தாள். லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண், முதலாமாண்டு. "எங்களையும் மதியத்துக்குப் போட்டாங்கக்கா. ஏரிப்பக்கம் ஏழு பேரு இருக்கோம். நீ சீனியரு, நீதான் பேசணும்" என்றாள். கூட்டம் எனக்கும் ஏழு பேரைக் கொண்டுவந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

முதல்வர் முன்னால் நான் "சார், படகு..." என்றதோடு நின்றுவிட்டேன். மிச்சத்தை மேரி முடித்தாள். "சாயங்காலம் வூட்டுக்குப் போக வழியில்ல சார். காலைல போடுங்க. இல்லன்னா சர்டிபிகேட்ட குடுத்துடுங்க."

"எத்தன பேரும்மா?"

"எட்டு பேரு சார்."

அவர் யோசித்தார். "ஒருத்தர்னா முடியாதுன்னு சொல்லியிருப்பேன்" என்றார். திங்கட்கிழமை முதல் எங்கள் இரண்டு வகுப்புகளும் காலைக்கு வந்தன. அறை இல்லாததால் அந்த வருடம் முழுக்க ஆய்வகத்தில், ஜாடிகளுக்கு நடுவே பாடம் கேட்டேன். பட்டமும் வாங்கினேன்.

அக்கா மகள் வகுப்பில் எழுபது பேராம். வருகையை விரல்ரேகை மெஷின் பதிகிறது. அது யாருக்காகவும் காத்திருக்காது. அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் நேற்று அவளுக்கு வகுப்பு தொடங்கும் நாள் என்று பஸ் ஏற்றப் போனேன். பாதி இருக்கைகளில் ஏரிக்கரை ஊர்ப் பெண்கள். "நீ போ சித்தி, இவங்கல்லாம் இருக்காங்க" என்றாள். அன்றைய என்னைப் போல ஜன்னலோரம் பேச்சுத்துணை இல்லாமல், புத்தகத்தை மார்போடு பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைத் தேடினேன். பஸ் புறப்படும்வரை தேடினேன். காணவில்லை.