சந்தனம் பூசிய டீசல் ஃபில்டர்

எங்கள் அப்பா சாமி விஷயத்தில் கொஞ்சம் கஞ்சம். ஆயுத பூஜைக்குக்கூடத் தன் பழைய டீசல் வேனுக்கு ஒரே ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பொரி தின்ன உட்கார்ந்துவிடுவார். அடி அண்ணாமலையிலிருந்து டவுன் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் வண்டி அது. என்னைவிட வயதில் மூத்தது. மேடு ஏறும்போது இருமும். அந்த இருமலுக்கு வைத்தியமாக ஒருநாள் டீசலை வடிகட்டும் புது ஃபில்டர் ஒன்றை வாங்கிவந்தார். அதோடு விட்டாரா? பூஜை அலமாரியில் அதை வைத்து, சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமமிட்டு, சூடமும் ஏற்றினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“வண்டிக்குப் பூஜை போடுவாங்க. டப்பாவுக்குமா போடுவாங்க?” என்று அம்மா கேட்டாள்.

“இருக்கட்டும், உனக்கென்ன?” என்றார் அப்பா.

அந்த வாரம் வீட்டில் அம்மாவின் வேலையைப் பற்றித்தான் பேச்சு. அங்கன்வாடி வேலைக்கு அவள் மனு போட்டிருந்தாள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் நேர்காணல். பெரியப்பா வந்து, “பொம்பளைய வேலைக்கு அனுப்பித்தான் சாப்பிடணுமாடா?” என்று கத்திவிட்டுப் போனார். அப்பா வாயே திறக்கவில்லை. அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. அப்பாவும் பெரியப்பா கட்சிதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எட்டு வயதில் முடிவு கட்டுவது ரொம்பச் சுலபம்.

நேர்காணல் அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக எங்கள் பக்கம் வரும் பேருந்தைக் காலையிலேயே வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். வேனை விட்டால் கதியில்லை. அப்பா விடிந்ததும் சீட்டைத் தூக்கி, பழைய ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். அம்மா நீலப் புடவை கட்டி, சான்றிதழ்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலாண்டு விடுமுறை என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன்.

பாதி வழி போவதற்குள் வேன் குலுங்கி நின்றுவிட்டது. கைகாட்டிய ஆட்டோக்களில் எல்லாம் பக்தர்கள் பிதுங்கிக்கொண்டிருந்தார்கள்.

டீசல் போகும் வழியில் காற்று புகுந்தால் இன்ஜின் ஓடாது. ஒரு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். அப்பா அழுத்தினார். நுரை வந்தது. வண்டி கிளம்பி நான்கு முழம் போய் நின்றது. மறுபடி அழுத்தினார், மறுபடி நுரை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெறுங்காலோடு நடந்துபோன ஒருவர் எங்களைப் பார்த்து “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதுவேறு எனக்கு அழுகையைக் கிளப்பியது.

“நேரம் ஆவுதுங்க. பேரைக் கூப்பிட்டுட்டா அப்புறம் உள்ளயே விட மாட்டாங்க.” என்றாள் அம்மா.

“நீ எறங்காத. பொடவ அழுக்காயிடும்.”

அம்மா இறங்கிவிட்டாள். குனிந்து, ஃபில்டர் மாட்டியிருந்த இடத்தைச் சுற்றி விரலால் தடவினாள்.

“இங்க கசியுது பாருங்க. கழட்டுங்க.”

கழற்றினார். உள்ளே கெட்டியாக ஒட்டி உட்கார வேண்டிய ரப்பர் வளையத்தின் மேல் காய்ந்த சந்தனம் கட்டியாக நின்றது. விளிம்பு, வளையம் என்று ஓரிடம் விடாமல் பூசியிருக்கிறார் மனிதர். அந்த இடுக்கு வழியாகத்தான் காற்று புகுந்திருக்கிறது.

“அபிஷேகமே பண்ணியிருக்கீங்க!” என்று அம்மா சிரித்தேவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவினார். அம்மா துண்டை வாங்கி, டீசலில் நனைத்து, வளையத்தைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தாள். அப்பா கேனிலிருந்து ஃபில்டர் நிறைய டீசல் ஊற்றி, மாட்டி இறுக்கி, பம்பை அழுத்தினார். நுரை வந்தது, குறைந்தது, நின்றது. பிறகு தெளிந்த டீசல் வழிந்தது. சாவியைத் திருப்பியதும் வேன் ஓர் இருமல்கூட இல்லாமல் உறுமியது.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் அம்மா ஓட்டமும் நடையுமாக உள்ளே போனாள். அப்பா ஒரு டீகூடக் குடிக்காமல் கேட்டருகிலேயே நின்றார். பசிக்கிறது என்றேன், அவருக்குக் காதே கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து வந்த அம்மா தூரத்திலேயே சிரித்துவிட்டாள்.

“என்னம்மா டீசல் வாசன அடிக்குதுன்னு கேட்டாங்க. நடந்ததச் சொன்னேன். மேடம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.”

வேலை கிடைத்தது. இன்றைக்கும் அம்மா போகிறாள், அப்பாதான் கொண்டுபோய் விடுகிறார். அம்மாவுக்காகப் பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாத மனுஷன் என்று அவர்மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. அந்த ஃபில்டருக்கு அவர் ஏற்றிய சூடம் வண்டிக்காக என்றே அப்போது நான் நினைத்திருந்தேன்.