வெள்ளைப் புகை

துறைமுகச் சாலை சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற கார் வெள்ளைப் புகை விட்டது. லேசாக இனிக்கிற, ஈரமான வாடை. எஞ்சினுக்குள் தண்ணீர் கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்கும் என்று நினைத்தேன். அப்பா வாடகை அம்பாசடர் ஓட்டியவர். புகை கறுப்பாக வந்தால் டீசல் அதிகம், நீலமென்றால் ஆயில் எரிகிறது, வெள்ளையென்றால் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்குகிறது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஏரலில் அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு முடியவில்லை, மகளைக் கேட்கிறார் என்று ஆள் வந்து சொன்னார். உடனே அப்பாவின் வண்டியில் கிளம்பினோம். பாதி வழியில் வண்டிக்குப் பின்னால் வெள்ளையாகப் புகைந்தது. அப்பா உடைமர நிழலில் நிறுத்தினார்.

"இதுக்கு மேல ஓட்டுனா எஞ்சின் ஜாம் ஆயிரும்ளா. சூடு ஆறட்டும்."

அந்த வண்டிதான் எங்களுக்குச் சோறு. அம்மா பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஒன்றும் வரவில்லை. எஞ்சின் ஆறியதும் அப்பா ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி மெதுவாக ஓட்டினார்.

தாத்தாவின் தெருவுக்குள் திரும்பும்போதே சங்குச் சத்தம் கேட்டது.

"இப்பத்தான் கண்ண மூடுனாரு. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு" என்றாள் பெரியம்மா.

அம்மா அழவில்லை. தாத்தாவின் காலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வெளியே வந்து அப்பாவிடம் கேட்டாள்:

"எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகலைல்லா?"



காரியமெல்லாம் முடிந்து ஊர் திரும்பிய அன்று அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். பின்னாலேயே அப்பா காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார்.