குராமோச்சி சாரின் மீனில் இரண்டு கோடு குறைகிறது

எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் குராமோச்சிக்கு ஐம்பத்தொன்பது வயது. படித்தது கணக்கு, பிடித்தது ஆறு. ஞாயிறு விடிந்தால் தொடை உயர ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிடுவார். முப்பது சென்டிமீட்டரைத் தாண்டிய யாமமே மீனுக்கு எங்கள் பக்கம் ‘ஷாகு மீன்’ என்று பட்டமே உண்டு. வாழ்நாளில் அவர் பிடித்த ஷாகு மீன் ஒன்றே ஒன்று. அதன்மேல் மை தடவித் தாளை ஒத்தியெடுத்த மீனச்சு, பத்தொன்பது வருடமாக அவர் அறை வாசலில் மரச்சட்டத்தில் தொங்கியது. ஓரத்தில் அவர் கையெழுத்தில் ‘30 செ.மீ. 5 மி.மீ.’

ஊரில் அவர் பெயரே ‘ஷாகு குராமோச்சி’தான். சனிக்கிழமை ஊர் மன்றத்தில் மீனச்சுக் கண்காட்சி. ஷாகு மீன்களுக்குத் தனி வரிசை, அதில் நடு இடம் அவருக்கு.

அந்த வாரம் பார்த்துத்தான் நான் இரண்டாம் வகுப்புக்கு ‘நீளம்’ பாடம் எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மரம் அறுக்கிற அப்பா, எனக்கு வேலை கிடைத்ததை மூன்று ஊருக்குச் சொல்லியிருந்தார். அந்த மிதப்பில் கொஞ்சம் நன்றாகவே சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஆறு பிள்ளைகளையும் ஸ்கேலோடு அவிழ்த்துவிட்டதும் மதியச் சாப்பாட்டு ரொட்டியை அளந்து சண்டை போட்டார்கள். என் காதை அளந்தார்கள். அப்புறம் மீனிடம் போனார்கள்.

ரிஹிதோ பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துக் கத்தினான். “இருபத்தொன்பது சென்டிமீட்டர் மூணு மில்லிமீட்டர்! பெரிய சார் பொய் எழுதியிருக்காரு!”

அறைக்கதவு திறந்தது.

“எங்க வச்சு அளந்த? காட்டு” என்றார் குராமோச்சி. பார்த்ததும் முகம் மலர்ந்தது. “ஸ்கேல் ஓரத்தையா மீன் மூக்குல வைப்பாங்க? ஜீரோ உள்ள தள்ளி இருக்கு பாரு. என்ன தம்பி, இதையெல்லாம் சொல்லித் தரலையா?”

கடைசிக் கேள்வி எனக்கு. சொல்லித் தந்திருந்தேன். ஆனால் யாரிடம் சொல்ல?

அதற்குள் நொதோகா தன் முப்பது சென்டிமீட்டர் மூங்கில் ஸ்கேலை வைத்துவிட்டாள். முன்பல் இரண்டும் விழுந்த பெண். வால் நுனிவரை விரலால் தடவிப் பார்த்தாள். “ஸ்கேல்ல இன்னும் ரெண்டு கோடு மிச்சம் இருக்கு சார்.”

“நீயும் ஓரத்துலதானேம்மா வச்ச!”

“இது மூங்கில் ஸ்கேல் சார். இதுக்கு ஓரமேதான் ஜீரோ.” பிறகு பரிதாபமாக, “கணக்கு சாருக்கு இது தெரியாதா?” என்றாள்.

இருபத்தொன்பது சென்டிமீட்டர் எட்டு மில்லிமீட்டர்.

குராமோச்சி தொண்டையைக் கனைத்தார். “பத்தொன்பது வருஷம் ஆச்சுல்ல. காய்ஞ்சு சுருங்கியிருக்கும்.”

“அப்போ எழுத்து ஏன் சுருங்கல?” என்றான் ரிஹிதோ.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். சிரித்தால் வேலை போய்விடும்.

அவர் மூங்கில் ஸ்கேலை வாங்கி, தானே இரண்டு தடவை அளந்தார். மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அளந்தார். அப்புறம் சட்டத்தை இறக்கி, தூரிகை எடுத்து வந்து, பழைய எண்ணை ஒரே கோட்டில் அடித்துப் புதியதை எழுதினார். மீனச்சில் சாட்சியின் பெயருக்கு என்று ஓர் இடம் உண்டு. இத்தனை வருடமும் அது காலியாகத்தான் கிடந்தது. அங்கே ‘நொதோகா, இரண்டாம் வகுப்பு’ என்று எழுதினார்.

“போச்சு, பட்டம்” என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். கண்ணில் ஒரு விஷமம். “தம்பி, சனிக்கிழமை இவங்க ஆறு பேரையும் கண்காட்சிக்குக் கூட்டிட்டு வா. ஸ்கேலோட. வர்றாங்கன்னு நான் இப்பவே ஊருக்குச் சொல்லி வைக்கிறேன்.”

சனிக்கிழமை நாங்கள் போனபோது குராமோச்சியின் மீன் சாதாரண வரிசையில் தொங்கியது. ஷாகு வரிசையில் ஒன்பது ஆணிகள் இருந்தன. மீன் இரண்டுதான்.