ஈரம் காயாத முகம்

திருமயத்தில் நான் ஆயில் பெயிண்டில் உருவப்படம் வரைந்து பிழைத்த காலம். கீரமங்கலத்துக் குடும்பம் ஒன்று, இறந்துபோன பெரியவரின் ஒரே போட்டோவைக் கொடுத்து வரையச் சொன்னது.

"மச்சம் எடது கன்னத்துலங்க," என்றார் அவர் மனைவி.

போட்டோவில் வலது கன்னத்தில் இருந்தது. போட்டோவை நம்பாமல் அழுகிறவரையா நம்புவது? வலப்பக்கமே வைத்தேன்.

திவசத்துக்கு வேண்டுமென்று அவசரப்படுத்தியதால் பெயிண்ட் காயவில்லை. முகத்தில் எதுவும் படாதபடி நாலு மூலையிலும் தக்கை வைத்து, மேலே பலகை கட்டி, மாட்டுவண்டியில் ஏற்றினேன். கூட்டிப்போக வந்த அவர்கள் வீட்டு மருமகன் படத்தருகே உட்கார்ந்தார். நான் முன்னால் வண்டிக்காரரோடு உட்கார்ந்து கண்ணயர்ந்துவிட்டேன்.

கீரமங்கலத்தில் இறங்கிப் பார்த்தால் பலகையைக் காணோம். வெள்ளை வேட்டி சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

"யாருய்யா தொட்டது?" என்று கத்தினேன்.

"பலகை இடுக்குல புழுதி போச்சுங்க. மாமா மூஞ்சில மண்ணு விழலாமா? படைக்க எடுத்து வச்சிருந்த அவுக வேட்டிதான்," என்றார் மருமகன்.

மண் போன வருஷமே விழுந்தாயிற்று என்று சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டு, வேட்டியை உரித்தேன். படத்தில் முகம் கலைந்துபோயிருந்தது. கண், மீசை எல்லாம் வேட்டியில் ஒட்டி, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறியிருந்தன. மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. போட்டோவையே திருப்பி அச்சடித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த அம்மாள் வேட்டியை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இவுகதான். படத்த நீங்களே கொண்டுபோயிருங்க. அது யாருன்னு எங்களுக்குத் தெரியல."

திரும்பும்போது நான் வண்டியில் ஏறவில்லை. படத்தை மட்டும் ஏற்றிவிட்டு, பின்னாலேயே நடந்து வந்தேன்.