ஊரடங்கில் உப்பு போன இடம்

ஊரடங்கு போட்ட கொஞ்ச நாளிலேயே என் பெட்டிக்கடையில் கல்லுப்பு தீர்ந்துவிட்டது. அரிசி இருந்தது, எண்ணெய் இருந்தது, சோப்புகூட இருந்தது. திருப்பத்தூரிலிருந்து சரக்கு ஏற்றி வரும் ஜீப் நின்றுபோனதால் எல்லாமே குறையும் என்று தெரியும். ஆனால் உப்பு ஏன் முதலில் போனது? யாரும் வழக்கத்தைவிடக் கூட்டித் தின்றுவிடவில்லையே! அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

"பதுக்கி வச்சிக்கினு இல்லன்றா" என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? என் நாத்தனாரும் அப்படி நினைத்ததுதான் வலித்தது. கேரளத்துக்கு வேலைக்குப் போன அவள் கணவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். தனியாளாகப் புளியமரம் உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து அவள் முடித்தபோது ஊரில் உப்பில்லை. உப்புப் போட்டு அமுக்காத புளியில் கோடை மழையின் ஈரம் பட்டால் புழு வைத்துவிடும். அவளுக்கு வருஷத்து வருமானமே அந்தக் குவியல்தான்.

"இன்னா அண்ணி, ஒரு படி கூடவா இல்ல?" என்று கேட்டுக்கொண்டே என் அடுப்படியை எட்டிப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உப்புச் சட்டியைக் கவிழ்த்தே காட்டினேன்.

அந்த ரோஷத்தில் வீடு வீடாகப் போனேன். "வாங்கினதெல்லாம் எங்கதான் வச்சீங்க?" என்று நேராகவே கேட்டேன். எல்லார் உப்புச் சட்டியிலும் அடி தெரிந்தது. ஒரு வீட்டில் சாமைச்சோறும் குழம்பும் போட்டார்கள். வாயில் வைத்தால் அத்தனை கரிப்பு.

"உப்பே போடலிங்களே, புளிய மட்டுந்தான் கரச்சேன்" என்றாள் அந்த வீட்டுக்காரி.

அப்போதுதான் விளங்கியது. எப்போதும் வீட்டுச் செலவுக்கு எடுத்து வைக்கிற புளிக்கு மட்டும்தான் உப்புப் போடுவோம். மற்றதெல்லாம் ஓடு தட்டியதுமே மண்டிக்குப் போய்விடும். இந்த முறை மண்டி பூட்டிக் கிடந்ததால் ஒவ்வொரு வீடும் மொத்தப் புளியையும் காக்க வேண்டியிருந்தது. எத்தனை மாசமோ என்ற பயத்தில் ஒரு பிடி போடுகிற இடத்தில் மூன்று பிடி போட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் என்ன, அதையேதான் செய்திருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

எங்கள் புளிப் பானையைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனேன். இரண்டு வீட்டுப் புளியையும் சேர்த்துப் பிசைந்தால் உப்பு பரவிவிடும் என்றேன். எங்கள் பக்கம் ஒரு மரத்துப் புளியை இன்னொரு மரத்ததோடு கலக்க மாட்டார்கள், ருசி கெட்டுவிடும் என்பார்கள். அவளும் தயங்கினாள். அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் விஷயம் கேட்டுத் தங்கள் பானைகளோடு வந்துவிட்டார்கள்.

அவள் என் பானையிலிருந்து கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தது.

"அடேங்கப்பா! இதுல எம்பங்கு உப்பும் கீது, இல்ல அண்ணி?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.