வெண்கோளில் ஏன் யாரும் உட்காரவில்லை

என் சித்தி ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர். விஞ்ஞான நாவல் எழுதுகிறவரும் அவர்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், அதனால் தனித்தனியாகச் சொல்லிவிட்டேன்.

சலவைக்கூடத்தை நடுவில் ஒரு சுவர் பிரிக்கிறது. அந்தப் பக்கம் துவைக்கும் மெஷின்கள், அங்கே ஆண்கள் மட்டும். இந்தப் பக்கம் நீளமான இஸ்திரி மேசைகள், இங்கே பெண்கள் மட்டும். இப்படிப் பிரித்தது யார் என்று யாருக்கும் தெரியாது. சுவரில் கதவில்லாத ஒரு ஜன்னல் இருக்கிறது. பிழிந்த படுக்கை விரிப்புகள் அதன் வழியாக வரும். கூடவே கிண்டலும் வரும்.

சித்தியின் நாவல், பெண்கள் மட்டுமே வாழும் வெண்கோள் என்ற கிரகத்தைப் பற்றியது. எழுதிய பக்கங்களைச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டுவார். வெண்கோளில் குழந்தைகள் கருத்தொட்டிகளில் வளர்வார்கள். தொட்டிக்கு வட்டமான கண்ணாடிக் கதவு உண்டு. அதை வாசித்த அன்று ஜன்னலில் ஒரு தலை முளைத்தது. மெஷின்களைக் கவனிக்கும் சோப்பு மாமாவின் தலை.

"ஏம்மா, இது எங்க மெஷின் மாதிரியில்ல இருக்கு? புள்ளைங்களச் சுத்த விட்டுடாத, தலை சுத்தும்."

"உங்க மெஷின்ல போட்டா பட்டனே தேறாது, புள்ள எங்க தேறும்?" என்றார் ஆவியக்கா. இஸ்திரிப் பகுதியில் எல்லோருக்கும் மூத்தவர் அவர். எப்போதும் நீராவிக்கு நடுவில் நிற்பதால் அந்தப் பெயர்.

"சரி, ஒரு ஆம்பளைகூட இல்லியே, பைப் ஒழுகினா யார் பாப்பாங்க?"

"உங்க பக்கம் நெறைய ஆம்பளைங்க இருக்கீங்க. போன மழையிலேர்ந்து ஒழுகுதே, அத யார் பாத்தாங்க?"

தலை உள்ளே போய்விட்டது.

நாவல் முடிந்ததும் நான் அதைக் கணினியில் அடித்துக் கொடுத்தேன். சித்தி ஒரு சிறிய பதிப்பகத்துக்கு அனுப்பினார். இதற்கு முன் இரண்டு இடங்களில் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இதுவும் போனால் இனி எழுதப் போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிப்பகத்து அம்மா ஃபோன் செய்தார். சித்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"கதை எனக்குப் புடிச்சிருக்குங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். உங்க கிரகத்துல ஏன் யாருமே உக்கார மாட்டேங்கறாங்க?"

"உக்கார மாட்டேங்கறாங்களா?" என்றார் சித்தி.

"சாப்பாடு நின்னுக்கிட்டே, கூட்டம் நின்னுக்கிட்டே, தலைவிகூட நின்னுக்கிட்டேதான் தீர்ப்பு சொல்றா. வேணும்னே அப்படி வெச்சிருந்தா காரணம் கதைக்குள்ள இருக்கணும். மறந்துட்டீங்கன்னா திருத்திக் குடுங்க. அது சரியா வந்தா போட்டுடலாம்."

நாங்கள் பக்கம் பக்கமாகத் தேடினோம். நாற்காலி இல்லை. பெஞ்சு இல்லை. ஒரு திண்டுகூட இல்லை. "படுக்கறாங்க, எழுந்து நிக்கறாங்க. நடுவுல ஒண்ணுமே இல்லியே!" என்று சித்தி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அங்கங்க நாற்காலி போட்டுடலாம் சித்தி" என்றேன். போட்டும் பார்த்தார். தலைவி உட்கார்ந்து தீர்ப்பு சொன்னாள். சித்தி படித்துவிட்டு அடித்துவிட்டார். "போட்டோ புடிக்க உக்காந்தவ மாதிரி இருக்கா. பொய்யா இருக்குடா."

மறுநாள் வேலையிடத்தில் நடந்ததைச் சித்தி வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினார். சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தவர், சுற்றிலும் பார்த்தாராம். எல்லோரும் இஸ்திரி மேசையில் டப்பாவை வைத்து நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவரும்தான். அந்தப் பகுதியில் உட்கார ஓரிடமும் இல்லை. இத்தனை வருஷமாக அது அவர் கண்ணில் படவே இல்லை.

"இங்க பெஞ்சு இருந்துச்சே" என்றார் ஆவியக்கா. "வெள்ளையடிக்கறப்ப தூக்கிட்டுப் போனாங்க. திரும்பி வரல."

"நீங்க கேக்கலியா அக்கா?"

"இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு நின்னோம். அப்புறம் நிக்கறதே பழகிருச்சு."

வழக்கமாக இந்த நேரத்தில் ஜன்னலிலிருந்து ஒரு கிண்டல் வரும். அன்று வரவில்லை. சித்திக்குச் சந்தேகம் தட்டியது. ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். சோப்பு மாமாவும் இன்னும் இரண்டு பேரும் கால் நீட்டி ஒரு நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கொஞ்சம் எழுந்திருங்க மாமா."

எழுந்தார்கள். பலகையில் இஸ்திரிப் பெட்டியின் வடிவத்தில் பழுப்பாக ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது.

"இது என்ன மாமா? உங்க மெஷின் இஸ்திரியும் போடுமா?"

"நான் சேந்தப்பவே இது இங்கதாம்மா கெடந்துச்சு. பலகைக்கு மச்சம்னு நெனச்சேன்!"

"அது நான் வெச்ச சூடு" என்றார் ஆவியக்கா. "சேந்த மொத வாரம்."

பெஞ்சு ஜன்னலுக்குள் நுழையாது. முற்றத்தைச் சுற்றித் தூக்கி வந்தார்கள். ஒரு முனையைப் பிடித்தவர் சோப்பு மாமாதான், முணுமுணுத்தபடி. "அப்ப நாங்க எங்க உக்கார்றது?"

"நின்னு பாருங்க. பழகிரும்" என்றார் ஆவியக்கா.

ஆனால் மாமாவுக்குப் பழகவில்லை. மறுநாளே மேற்பார்வையாளரிடம் கேட்டார், புதுப் பெஞ்சு வந்துவிட்டது. "கேட்டா குடுப்பாங்களா!" என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். அடுத்த வாரம் மின்விசிறி கேட்டார்கள். அதுவும் வந்தது.

சித்தி நாற்காலி எதையும் சேர்க்கவில்லை, காரணத்தைச் சேர்த்தார். வெண்கோளில் முதலில் இறங்கிய அம்மாக்கள், கூரை போட்டு முடிக்கும்வரை யாரும் உட்கார வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கூரை எப்போதோ முடிந்துவிட்டது. இனி உட்காரலாம் என்று சொல்லத்தான் ஆளில்லை. ஒருநாள் ஒரு சிறுமி தண்ணீர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்காருகிறாள். ஊரே கூடி, "முட்டிக்கு என்னாச்சு?" என்று பதறுகிறது. "ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கு" என்கிறாள் அவள்.

அதைச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லோரும் கை தட்டினார்கள். பதிப்பகத்து அம்மாவின் ஃபோனும் ஒரு சாப்பாட்டு நேரத்தில்தான் வந்தது. "முட்டிக்கு என்னாச்சுங்கற எடத்துல எனக்குச் சிரிப்பு அடங்கலீங்க. அச்சுக்குப் போகுது."

இஸ்திரிப் பகுதியில் எழுந்த சத்தத்தில் ஜன்னலில் மறுபடி தலை முளைத்தது.

"ரெண்டாம் பாகத்துலயாவது ஒரு ஆம்பளைய எறக்கும்மா. நானே வர்றேன்."

"வாங்க மாமா" என்றார் சித்தி. "ஆனா எங்க பெஞ்ச எறக்கி வெச்சிட்டுத்தான் நீங்க எறங்கணும்."