சங்கிலியின் விறைத்த கால்கள்

வற்றாப்பளையில் பிறந்த தாதி கமலாசனிக்கு ஆண்கள் சத்திரசிகிச்சை வார்ட்டில் “கோபக்கார மிஸ்” என்று பெயர். அந்தக் கோபம் தங்கள்மேல் இல்லை என்பது அங்கே படுத்திருந்தவர்களுக்கு ஓரிரு நாளில் விளங்கிவிடும். யுத்தநிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகு எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வந்து குவிந்தார்கள். தாதிமாரின் தொகை மட்டும் அப்படியே இருந்தது. தண்ணீர் மோட்டர் பழுது, பஞ்சு இல்லை, துணைக்கு ஆளில்லை என்று மேலிடத்துக்குச் சொல்லிச் சொல்லியே அவளுடைய குரல் தடித்துப்போயிருந்தது.

2004இல் ஒரு மத்தியானம். கூட வேலை செய்ய வேண்டிய தாதி அன்று வரவில்லை. ஒப்பரேசன் தியேட்டரிலிருந்து சங்கிலி என்பவரைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் கிடத்திவிட்டுப் போனார்கள். ஐம்பது கடந்த மனிதர். இளவயதில் கலவரத்துக்குப் பயந்து மலையகத்திலிருந்து வந்து, பூவரசங்குளத்துப் பக்கம் வயல்களில் கூலிவேலை செய்கிறவர். குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் முடிந்திருந்தது.

கமலாசனி வேறொருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது அலறல் கேட்டது.

“காலு இல்ல! ரெண்டு காலையும் எடுத்துட்டாங்க!”

ஓடிப்போய்ப் பார்த்தாள். சங்கிலி எழும்ப முயன்றதில் சேலைன் ஊசி கழன்று படுக்கை விரிப்பெல்லாம் இரத்தம்.

“ஐயா, தலையைத் தூக்காதேங்கோ! ஒப்பரேசன் வயித்திலதான். கால் எங்கயும் போகேல்லை.”

“பொய் சொல்லாதீங்க மிஸ்.”

அவள் விரிப்பை விலக்கி, அவருடைய வலது காலை இரண்டு கையாலும் தூக்கி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். அவர் தொடையைத் தொட்டார். தொட்ட கை சட்டென்று பின்வாங்கியது.

“செத்த காலு இது. பொணத்தத் தொட்ட மாதிரி இருக்கு. நாளைக்கு வெட்டப்போறீங்க.”

“உங்களுக்கு என்ன விசரா?” என்று கத்திவிட்டாள் கமலாசனி. அந்தப் பக்கம் ஒருவர் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் ஒருவருக்குச் சேலைன் முடிந்துகொண்டிருந்தது. “ஒண்டும் இல்லை, எல்லாம் சரியா வரும். பேசாமப் படுங்கோ!”

சங்கிலி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இதத்தான் என் மவனுக்கும் சொன்னாங்க. வெறகு பொறுக்கப் போனவன் மிதிவெடில கால வச்சுட்டான். கொண்டுவந்தப்போ காலு இருந்துச்சு. ஒன்னுமில்ல, சரியாயிரும்னு ஒரு மிஸ் சொன்னாங்க. அப்புறம் வெட்டிட்டாங்க.”

அந்த வசனத்தைக் கமலாசனியும் தினமும் சொல்கிறவள்தான். காலைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தும் சில பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியிருக்கிறாள்.

கையிலிருந்த இரத்தத்தைத் துடைத்து, ஊசியை மாற்றி ஏற்றினாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்.

“முதுகில போட்ட ஊசி எதுக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

“இல்லீங்க. குனின்னாங்க. குனிஞ்சேன்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“அது விறைக்கிற ஊசி ஐயா. வெட்டுறது நோகாமல் இருக்க இடுப்புக்குக் கீழ எல்லாத்தையும் விறைக்க வைக்கும். இன்னும் கொஞ்சநேரத்தில விட்டிடும். அப்ப எறும்பு ஊருற மாதிரி இருக்கும். பிறகு வயித்துக் காயம் நோகத் தொடங்கும், நல்லா நோகும். நோவுக்கு மருந்து தருவன். நான் சொல்லுறதை நம்பவேண்டாம். எறும்பு ஊருதோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ.”

கட்டுத்துணி வெட்டும் வேலையை அவருடைய கட்டிலருகே கொண்டுவந்தாள். யாராவது கூப்பிட்டால் எழுந்து போனாள், திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தாள். ஒவ்வொரு முறையும் சங்கிலி தலையாட்டினார். இல்லை, இன்னும் இல்லை.

தேநீர் வாளி வரும் நேரம் அவர் கூப்பிட்டார்.

“மிஸ்… ஊருதுங்க.”

கால் பெருவிரல் அசைந்தது. அவர் அதை நம்பாதவர் போல மறுபடியும் அசைத்தார். காயத்தின் நோவும் கூடவே வந்தது. அழுதுகொண்டே, “நோவுதுங்க, நல்லா நோவுதுங்க” என்றார். அவள் நோவுக்கு மருந்து கொடுத்தாள். அன்று அவளுக்குச் சாப்பிட நேரம் கிடைக்கவில்லை.

மாலை சுற்றுக்கு வந்த டொக்டரிடம் கேட்டாள். “ஊசி போட முதல் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?”

“ஒவ்வொருத்தருக்கும் விளங்கப்படுத்த எங்க நேரம், மிஸ்?”

சில நாளில் நடந்தே வீடு போனார் சங்கிலி. அதன்பிறகு தியேட்டருக்குப் போகிறவர்களை மறித்து, கால் விறைக்கும், பயப்படவேண்டாம் என்று கமலாசனியே சொல்லத் தொடங்கினாள். நோயாளி ஏன் பிந்துகிறார் என்று தியேட்டரிலிருந்து போன் வரும். “கதைச்சுக்கொண்டிருக்கிறன்” என்று வைத்துவிடுவாள். அதற்காக மேலிடத்தில் இரண்டு தரம் விளக்கம் கேட்டார்கள். அவளுக்கு லீவு வருகிற நாட்களில் யாரும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. வேலைக்குத் திரும்பும்போது, முந்தின நாள் ஒருவர் கால் போய்விட்டதென்று கத்திய கதையை வார்ட் அற்றெண்டன் சிரித்துக்கொண்டே சொல்வான். அவள் சிரிப்பதில்லை.